சண்டியன் ஜெராட்டின் கண்கள்

தன்னாமுனையில் ஜெராட்டிடம் அடி வாங்காத ஆண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சிலரிலும் பாதிப் பேர் பாதர்மார். மற்றவர்கள் ஓட்டத்தில் கெட்டிக்காரர்கள். ஜெராட்டுக்கு முப்பத்தெட்டு வயது. இரும்பு தூக்கித் தூக்கி இறுகிப்போன தோள், முழங்கை வரைக்கும் தீப்பொறி தெறித்த தழும்பு. ஏறாவூரில் இப்றாஹிம் நானாவின் வெல்டிங் கடையில் கேற்றும் கிறிலும் ஒட்டுவது தொழில். வாய்ப் பேச்சுக் குறைவு, கைதான் முதலில் பேசும்.

சண்டை தொடங்குகிற விதம் எப்போதும் ஒன்றுதான். ஜெராட் தன்பாட்டில் வீதியால் போய்க்கொண்டிருப்பான். பக்கத்தில் வருகிறவனின் தோளில் இவன் தோள் போய் மோதும். மோதியவன் மன்னிப்புக் கேட்கமாட்டான், முறைத்துக்கொண்டு நிற்பான். "டேய், கண் தெரியாதா உனக்கு?" என்று மற்றவன் கேட்பான். கேட்டு முடிப்பதற்குள் அவன் கன்னம் வீங்கியிருக்கும்.

இதில் ஒரு விசயம் ஊருக்கு விளங்கவே இல்லை. இடித்தது தான்தான் என்பது ஜெராட்டுக்குத் தெரியாது. நேரே பார்த்து நடப்பான், வழி வெறுமையாய்க் கிடக்கும். அடுத்த நொடி ஒரு மனிதன் எங்கிருந்தோ முளைத்து அவன் மேல் விழுவான். சின்ன வயதிலிருந்து அவன் உலகத்தில் மனிதர்கள் இப்படித்தான் முளைத்தார்கள். வேண்டுமென்றே ஒளிந்து வந்து இடிக்கிறார்கள், இடித்துவிட்டு நியாயமும் கேட்கிறார்கள் என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். வராமல் என்ன செய்யும்? அவன் இடத்தில் எவர் இருந்தாலும் அடித்துத்தான் இருப்பார்.

பள்ளிக்கூடத்தில் பந்தடிக்கும்போது பக்கத்திலிருந்து வந்த பந்து அவன் காதைப் பொத்தி அடித்தது. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் முன்னால் நின்றவனின் பல்லை ஜெராட் உடைத்தான். அதிபர் பிரம்பு முறியும் வரை அடித்தார். "ஏன்டா அடிச்சாய்?" என்று கேட்டதற்கு, "ஒளிஞ்சு நிண்டு எறிஞ்சவன் சேர்" என்றான். வெட்டவெளி மைதானத்தில் எங்கே ஒளிவது? பொய் வேறு சொல்கிறான் என்று இன்னும் இரண்டு விழுந்தது.

போர்க்காலத்தின் கடைசி வருசங்களில் அவனுக்கு இருபது இருபத்தொரு வயது. ஒருநாள் பொழுதுபடும் நேரம், ஆமியின் காவலரணான சென்றிக்கு முன்னால் சைக்கிளில் வந்தான். வீதியோரத்தில் நின்ற ஆமிக்காரன் கையைக் காட்டினான். ஜெராட் நிற்காமல் போனான். ஆமிக்காரன் சத்தம் போட்டான், அது மற்றவர்களுக்கு என்று நினைத்து இவன் மிதித்துக்கொண்டே போனான். வானத்தை நோக்கி ஒரு வெடி கேட்டது. பிறகு முதுகில் துவக்குப் பிடி இறங்கியது. தார் வீதியில் முகம் குப்புறக் கிடந்தவனின் கழுத்தில் சப்பாத்துக் கால் ஏறி நின்றது. கடைவாய்ப் பல் இரண்டு அன்றைக்கே போயின. எதற்காக அடிக்கிறார்கள் என்று அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஊருக்கோ நன்றாகத் தெரிந்தது. சென்றிக்கே நிற்காமல் போன ஆம்பிளை! அதன் பிறகுதான் சண்டியன் என்ற பட்டம் அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கிடைத்த பட்டத்தை யார் வேண்டாம் என்பார்கள்? அவனும் வைத்துக்கொண்டான்.

வேலையில் ஒரு குறையும் இல்லை. வெல்டிங் முகமூடியில் பார்ப்பதற்கு இருப்பது ஒரு சின்னச் சதுரக் கண்ணாடி. அந்தச் சதுரத்துக்குள் கம்பியின் நுனி தெரிந்தால் போதும். மற்றவர்களுக்கு முகமூடி போட்டால்தான் உலகம் சுருங்கும், இவனுக்கு அது ஏற்கெனவே சுருங்கித்தான் இருந்தது. ஒருமுறை கோயில் மண்டபத்தில் வாசிப்புக் கண்ணாடி கொடுக்க வந்தவர்கள் எழுத்து அட்டையைக் காட்டினார்கள். ஜெராட் கடைசி வரியைக் கடகடவென்று வாசித்தான். கண்ணாடி தேவையில்லை, அருமையான பார்வை என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் கேட்டது நேரே இருந்த எழுத்தை. பக்கத்தில் என்ன தெரிகிறது என்று எவரும் கேட்கவில்லை.

கல்யாணம் தாய்மாமன் மகள் ஷெரோனோடு. முறைப்பெண், சின்னதிலிருந்தே பேசி வைத்தது. மட்டக்களப்பு வழக்கப்படி வீடும் வளவும் பெண்ணுக்கு, மாப்பிள்ளை அங்கே போய் இருப்பான். ஆகவே ஜெராட் குடியிருப்பது ஷெரோனின் வீட்டில். பக்கத்து வளவில் அவளுடைய அண்ணன் பேர்னாட். வாவிக்கரைப் பக்கமிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குகிற வான் ஓட்டுகிறவன். ஜெராட்டின் ஒரே மகள் ஜெனிற்றாவும் அந்த வானில்தான் போவாள்.

பொழுது சாய்ந்த பிறகு ஜெராட் வேலியில் முட்டுவான், படியில் தடக்குவான், கிணற்றடி வாளியை உதைத்து உருட்டுவான். இதற்கு ஊருக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்று, கசிப்பு என்கிற கள்ளச் சாராயம். ஒரு சொட்டும் தொடாத மனிதன் அவன். வாயை மோந்து பார்த்த ஷெரோன்கூட, மணக்காத ஏதோ சாமானைக் குடிக்கிறார் என்றுதான் நம்பினாள். பேர்னாட்டோ மாலை ஆனதும் வானை நிறுத்திவிட்டு வீட்டோடு இருப்பான், எந்த வாடகை ஓட்டத்துக்குக் கூப்பிட்டாலும் போகமாட்டான். குடும்பத்தைப் பார்க்கிற ஒழுக்கமான மனிதன் என்று பாதர் பூசையிலேயே அவனைப் பாராட்டியிருக்கிறார்.

ஒரு தவக்காலத்தில் குடியை விடுகிறவர்கள் பீடத்துக்கு முன்னால் வேதாகமத்தில் கை வைத்துச் சத்தியம் பண்ணினார்கள். பேர்னாட் ஜெராட்டின் சேட்டுக் கழுத்தைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டு வந்தான்.

"கை வைச்சுச் சொல்லு, இனிக் குடிக்கமாட்டன் எண்டு."

"குடிக்காதவன் என்னத்த விடுறது?" என்றான் ஜெராட்.

"கர்த்தருக்கு முன்னாலயும் பொய்யா?"

பேர்னாட்டின் கை கன்னத்தில் விழுந்தது. கோயில் வாசல் வரைக்கும் இருவரும் உருண்டார்கள். மெழுகுதிரித் தட்டு கவிழ்ந்தது, வாங்கு ஒன்று முறிந்தது. கடைசியில் பேர்னாட்டின் மூக்கெலும்பு முறிந்து வெள்ளைச் சேட்டெல்லாம் இரத்தம். அந்த மூக்கு இன்றைக்கும் ஒருபக்கம் சரிந்துதான் இருக்கிறது. "என்ட தங்கச்சிட வீட்டில இருந்து உன்ன வெளிக்கிடுத்தாட்டி என்ட பேர் பேர்னாட் இல்ல" என்று அவன் கத்தியதை அன்று பூசைக்கு வந்த எல்லோரும் கேட்டார்கள்.

இத்தனையையும் ஒரு முட்டைக் கூடை புரட்டிப் போட்டது.

போன வருசம் ஒரு மத்தியானம், ஏறாவூர்ச் சந்தைக்குள் ஜெராட் நடந்துகொண்டிருந்தான். கடையொன்றிலிருந்து சபீனா என்ற பெண் முட்டைக் கூடையோடு வெளியே வந்தாள். நேரே போய் அவள் மேல் விழுந்தான். கூடை சரிந்தது, இருவரும் மஞ்சள் கருவுக்குள் கிடந்தார்கள். "பொம்புளப் புள்ளையில கை வைக்கிறான்டா!" என்று ஒரு குரல் கிளம்பியது. சந்தைக்கு அது போதும்.

முதல் அடி பிடரியில் விழுந்தது. ஜெராட் எழுந்து முன்னால் நின்றவனைக் குத்தினான், அவன் போய் மரக்கறிக் குவியலில் விழுந்தான். இரண்டாமவனின் தாடை கழன்றது. ஆனால் அடி முழுக்கப் பக்கத்திலிருந்து வந்தது. சைக்கிள் செயின் முதுகைக் கிழித்தது. ஹெல்மெட் ஒன்று கன்னப்பொறியில் வந்து மோதியது. விழுந்தவனை மிதிக்கத் தொடங்கினார்கள், கையால் அடிக்க இடம் கிடைக்காதவர்கள் செருப்பால் அடித்தார்கள்.

அப்போது கூட்டத்துக்குள் புகுந்து கத்தியவள் சபீனாதான். பர்தா முழுக்க முட்டை வழிய நின்றாள். "உடுங்க அவன! இவன் என்னப் பாக்கவே இல்ல. இடிச்சாப் பொறகுதான் இவன்ட மொகத்துல பயம் வந்திச்சு. தொடுறதுக்கெண்டு வாறவன்ட மொகம் எனக்குத் தெரியாதா? பொம்புளையா இரிந்து பாருங்க, தெரியும்!"

அடி ஓய்ந்தது. செய்தி கேட்டு ஓடி வந்த இப்றாஹிம் நானா ஜெராட்டைத் தூக்கிக் கடைக்குக் கொண்டுபோனார். முகத்தைக் கழுவிவிட்டு வாங்கில் இருத்தினார். சபீனா சொன்னது அவருக்குள் வேலை செய்தது. ஒரு ஸ்பனரை எடுத்து ஜெராட்டின் காதோரமாக நீட்டினார்.

"இது என்ன சொல்லு?"

"எது நானா?"

"இந்தா, புடிச்சிட்டு இரிக்கன்."

"எங்க?"

இப்றாஹிம் ஸ்பனரை மெல்ல முன்னால் கொண்டுவந்தார். கன்னம் தாண்டி, கண்ணோரம் தாண்டி, ஏறக்குறைய மூக்குக்கு நேரே வந்தபோதுதான் ஜெராட், "ஆ, ஸ்பனர்" என்றான். இப்றாஹிம் ஸ்பனரைக் கீழே வைத்தார். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டா இவ்வளவு காலமும் தன் கடையில் இரும்பு வெட்டினான் என்று நினைத்துப் பார்த்தார்.

அடுத்த கிழமை அவரே ஜெராட்டைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். டொக்டர் நஸ்ஹா காத்தான்குடிக்காரி, வயது குறைந்தவள், பேச்சில் பொறுமை அதிகம். வெள்ளைச் சட்டி போன்ற ஒரு கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னாள். வெளிச்சப் பொட்டுத் தெரியும்போதெல்லாம் பொத்தானை அமத்த வேண்டும். ஜெராட் காத்திருந்தான், அமத்தினான், மறுபடி நெடுநேரம் காத்திருந்தான். கருவி பழுதோ என்றுகூடக் கேட்டான். கடைசியில் டொக்டர் ஒரு கடதாசியைக் காட்டினாள். முழுக்கக் கறுப்பு, நடுவில் ஒரு ரூபாய்க் குற்றி அளவு வெள்ளை.

"இந்த வெள்ளைதான் அண்ணன் உங்கட பார்வை. மத்ததெல்லாம் போயிட்டுது. கண்ணுக்குப் பின்சுவரில வெளிச்சத்தப் பிடிக்கிற கலங்கள் இருக்கு. உங்களுக்கு அது ஓரத்தில இருந்து ஒவ்வொண்டாச் செத்துக்கொண்டு வருது. மங்கல் வெளிச்சத்துக்குரியதுகள்தான் முதல்ல சாகும். அதுதான் பொழுதுபட்டாத் தெரியாது."

"எப்ப இருந்து?"

"சின்ன வயசில இருந்தே தொடங்கியிருக்கும். பிறப்பில வாறது. சொந்தத்துக்குள்ள கல்யாணம் முடிக்கிற குடும்பங்களில கூடுதலா வரும்."

ஜெராட் அந்தக் கறுப்பை விரலால் தடவினான். பிறகு கேட்டான்:

"அப்ப அவனுகள் ஒருத்தனும் என்ன இடிக்கல்லயா?"

டொக்டருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. இப்றாஹிமுக்கு விளங்கியது. அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தன்னாமுனைச் சண்டியன், அடித்த பல்லையும் தாடையையும் ஒவ்வொன்றாக நினைத்து, சின்னப் பிள்ளைபோல விம்மி அழுதான்.

டொக்டர் ஒளிக்காமல் சொன்னாள். செத்த கலத்தைத் திருப்பித் தர அவளிடம் மருந்து இல்லை. இருப்பதைக் காவல் காக்கலாம், அவ்வளவுதான். வெயிலில் கறுத்தக் கண்ணாடியும் தொப்பியும், வெல்டிங் வெளிச்சத்தை ஒருபோதும் வெறுங்கண்ணால் பார்க்கக்கூடாது, சிகரெட்டை இன்றோடு நிறுத்த வேண்டும், கீரையும் மீனும் சாப்பாட்டில் இருக்கட்டும், யாரோ சொன்னார் என்று குளிசை வாங்கி விழுங்கக்கூடாது, சைக்கிள் ஓடக்கூடாது. கடைசியாகச் சொன்னதைத்தான் அழுத்திச் சொன்னாள்.

"முகத்தில, தலையில அடி பட வேணாம் அண்ணன். பலமா ஒரு அடி பட்டா விழித்திரை கழண்டுரும். கழண்டா இந்த வெள்ளையும் இல்ல. உங்கட சொந்தத்தில மத்தவங்களையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்க."

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஷெரோன் முதலில் நம்பவில்லை. அகப்பையை அவன் காதோரம் நீட்டிப் பார்த்தாள். பிறகு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இத்தனை வருசமாகப் புருசனின் வாயை மோந்து மோந்து பார்த்த வெட்கம் அவளைத் தின்றது. அன்றைக்கே பேர்னாட்டிடம் போனாள். "அண்ணன், நீங்களும் ஒருக்கா கண்ணக் காட்டுங்களன். உங்கட ரெண்டு பொம்புளப் புள்ளைகளையும் காட்டுவம்" என்றாள்.

அவள் திரும்பி வருமுன் பேர்னாட் வேலிக்கு வந்துவிட்டான்.

"ஊசியில நூல் கோக்கிறவனுக்குக் கண் வருத்தமா? குடிக்குப் பேர் மாத்தி வைச்சிரிக்கான்! எங்கட ரத்தத்தில குருடு இரிக்கெண்டு ஊரெல்லாம் சொல்லு! என்ட மூத்தவளை ஆர்டா முடிப்பான்? மறுகா இந்தக் கதையக் கதைச்சாய் எண்டா வெட்டிப் போட்டுடுவன்!"

பழைய ஜெராட்டாக இருந்தால் வேலி அப்போதே சரிந்திருக்கும். ஜெராட் உள்ளே போய்க் கதவைப் பூட்டினான்.

ஒரு சண்டியன் சண்டையை விடுவது லேசான காரியமில்லை. குடியை விட்டவனைப் பாராட்டுவார்கள், சண்டையை விட்டவனைச் சொறிந்து பார்ப்பார்கள். கறுத்தக் கண்ணாடியும் தொப்பியுமாகப் போகிறவனைப் பார்த்து, "படப்பிடிப்புக்கோ அண்ணன்?" என்றார்கள். முன்பு பல் பறிகொடுத்தவனின் தம்பி நடுவீதியில் நின்று முகத்தில் துப்பினான். ஜெராட் துடைத்துக்கொண்டு போனான். அன்று கடையில் அவன் சுத்தியலால் இரும்பை அடித்த அடியில் பட்டடைக்கல்லே கிளம்பிவிடும்போல இருந்தது. அந்த ரூபாய்க் குற்றி அளவு வெளிச்சத்துக்குள்தான் ஜெனிற்றாவின் முகம் இருந்தது, அது ஒன்றுக்காகத்தான் அவன் எல்லாவற்றையும் விழுங்கினான்.

இந்த வருசம் ஒரு சனிக்கிழமை அவன் பிழை விட்டான். வேலை முடியப் பிந்திவிட்டது, பஸ் வரவில்லை. யாரையாவது கை பிடித்துக் கூட்டிப்போகச் சொல்ல வாய் வரவில்லை. கடைச் சைக்கிளை எடுத்தான். பொழுது மங்கிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போகிற எங்கள் ஒழுங்கைதானே, கண்ணை மூடிக்கொண்டும் போகலாம் என்று நினைத்தான். ஒழுங்கை திரும்புகிற இடத்தில் பேர்னாட்டின் இளைய மகள் டெனிஷா பாண் வாங்கிக்கொண்டு கடையிலிருந்து வந்தாள். சைக்கிள் அவளை அடித்து மதகில் போட்டது. எலும்பு முறிந்த சத்தம் அவனுக்குக் கேட்டது.

பிள்ளையை அள்ளிக்கொண்டு ஓடினான். இரண்டு இடத்தில் வேலிக் கட்டையில் மோதினான், பிள்ளையை விடவில்லை. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், யார் செய்தது என்று கேட்டவர்களிடமெல்லாம், "நான்தான், நான்தான்" என்றான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து சனம் வெள்ளை உடுப்போடு ஒழுங்கையால் வந்துகொண்டிருந்தது. நல்ல வெயில். ஜெராட் வளவுக்குள் நின்றான். பேர்னாட் மண்வெட்டிப் பிடியோடு வந்ததை அவன் காணவில்லை. தோளில் அடி விழுந்த பிறகுதான் தெரிந்தது.

விழுந்ததும் ஜெராட் செய்த ஒரே காரியம், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சுருண்டதுதான். அடுத்த அடி முதுகில் விழுந்தது. அதற்கடுத்தது விலாவில், உள்ளே ஏதோ முறிந்தது. முழங்காலில் விழுந்தபோது கத்தினான், ஆனால் கையை எடுக்கவில்லை. முகம் மட்டும் வேண்டாம், வேறு எங்கே என்றாலும் அடிக்கட்டும் என்று கிடந்தான். வேலிக்கு வெளியே சனம் கூடிவிட்டது. சண்டியன் இப்படிக் கிடந்து அடி வாங்குவதை அவர்களால் நம்ப முடியவில்லை.

"எழும்புடா நாயே! என்ட புள்ளட கையை முறிச்சவன் தானே நீ! எழும்பி அடிடா!"

ஓங்கிய வேகத்தில் பிடி பேர்னாட்டின் வியர்த்த கையிலிருந்து நழுவியது. உருண்டுபோய் அவனுடைய வலது காலுக்குப் பக்கத்தில், ஒரு முழத் தூரத்தில் கிடந்தது. பேர்னாட் குனிந்தான். முன்னால் மணலைத் தடவினான். இடப்பக்கம் தடவினான். திரும்பவும் முன்னால் தடவினான்.

ஜெராட் விரல் இடுக்கால் அதைப் பார்த்தான். வாளியையும் செருப்பையும் சுத்தியலையும் அவன் வாழ்நாளெல்லாம் அப்படித்தான் தேடியிருக்கிறான். நல்ல கண் உள்ளவன் அந்தப் பட்டப்பகலில் அப்படித் தடவமாட்டான். வலியைவிட அது அவனைத் தூக்கிவாரிப் போட்டது.

மெல்ல எழுந்தான். ஒளியவில்லை, பதுங்கவில்லை, வெயிலுக்குள் நொண்டி நொண்டி பேர்னாட்டின் வலப்பக்கமாகச் சுற்றி வந்து பிடியை எடுத்தான். பேர்னாட்டின் விரல்கள் அதற்கு ஒரு சாண் தள்ளி மணலில் அலைந்துகொண்டிருந்தன. பேர்னாட் தலையை நிமிர்த்தி, ஜெராட் கிடந்த இடத்தைப் பார்த்தான்.

"எங்கடா ஓடி ஒளிச்சாய்?"

வேலிக்கு வெளியே நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஜெராட் அவன் கைக்கெட்டும் தூரத்தில், பக்கத்தில் நின்றான். விலா கொதித்தது. கோயிலில் வாங்கிய அடி, ஊர் சிரித்த சிரிப்பு, முகத்தில் விழுந்த துப்பல், எல்லாம் அவன் கைக்கு வந்து சேர்ந்தன. ஓங்கி மண்டையில் போட்டால் போடுகிறவனைப் பேர்னாட் காணவே மாட்டான். அடிக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசையாக இருந்தது, அது உண்மை. பிடி தலைக்கு மேலே போனது. "ஐயோ!" என்று ஷெரோன் அலறினாள்.

பிடியை வேலிக்கு அப்பால் வீசிவிட்டு, ஜெராட் பேர்னாட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான்.

"பின்னால வந்து பிடிக்கிற கோழை!"

"பின்னால வரல்ல மச்சான். பக்கத்தால வந்தன். கட்டைய உன்ட கைக்குக் கிட்ட இருந்து எடுத்தன். ஊரே பாத்தது, நீ மட்டும் பாக்கல்ல."

"பொய்!"

"பொய் இல்ல அண்ணன்," என்றாள் ஷெரோன். அவள் குரல் கிழிந்தது. "அவர் கட்டைய ஓங்கிக்கொண்டு உங்களுக்குப் பக்கத்தில நிண்டவர். நீங்க அங்கால பாத்துக்கொண்டு கத்தினீங்க."

பேர்னாட்டின் உடம்பு தளர்ந்தது. ஜெராட்டின் காதுக்குள் மட்டும் கேட்கும்படி பேசினான்.

"சொல்லாதடா. எனக்குத் தெரியும். ரெண்டு மூணு வருசமாத் தெரியும். எனக்கு ரெண்டு பொம்புளப் புள்ள இரிக்குடா."

"தெரிஞ்சும் வான் ஓடுறாய்?"

"காலைல தெரியுதுடா. நேரா இரிக்கிறது எல்லாம் தெரியுது."

"நேற்று எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சது. அதுதான் உன்ட புள்ளட கை," என்றான் ஜெராட். "வான் திறப்பத் தா."

பேர்னாட் தரவில்லை. ஜெராட் சாவிக்காக அவனுடைய காற்சட்டைப் பைக்குள் கையை விட்டான். அன்று அவன் செய்த பலவந்தம் அது ஒன்றுதான். பேர்னாட் மாடு திமிறுவதுபோலத் திமிறினான். கடித்தான், தலையால் முட்டினான். முகத்தைப் பொத்த இப்போது கை இல்லை. ஒரு கை பேர்னாட்டின் இடுப்பைச் சுற்றி இருந்தது, மற்றக் கை திறப்பில். பேர்னாட்டின் முழங்கை பின்னால் வந்து ஜெராட்டின் வலது கண்ணில் முழுப் பலத்தோடு இறங்கியது.

மின்னல் வெட்டியது. அதன் பிறகு பொறிப் பொறியாகப் பறந்தது. பிறகு மேலேயிருந்து ஒரு கறுப்பு மெதுவாக இறங்கி வந்து, இருந்த கொஞ்ச வெளிச்சத்தையும் மூடியது. என்ன நடக்கிறது என்று அவனுக்கு அந்த நேரத்திலேயே தெரிந்தது. திறப்பை எடுத்து ஷெரோனின் பக்கம் எறிந்துவிட்டுத்தான் நிலத்தில் உட்கார்ந்தான்.

"இவனுக்கும் என்ட வருத்தம்தான்!" என்று வேலிக்கு வெளியே நின்ற தாய் தகப்பன்மாரைப் பார்த்துக் கத்தினான். "புள்ளைகள இவன்ட வானில ஏத்தாதீங்க!"

பேர்னாட் அவமானத்தில் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான். ஊருக்கே கேட்டுவிட்டது.

கழன்ற விழித்திரையைத் திருப்பி ஒட்டக் கொழும்பில் பார்த்தார்கள். அது ஒட்டவில்லை. ஜெராட்டின் வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் அந்தச் சின்ன வெள்ளை வட்டம் மிஞ்சியது. பேர்னாட்டின் வான் வளவுக்குள் தூசி படிந்து நின்றது. ஒன்றிரண்டு பேர் அவனிடம் ஆறுதல் சொல்லப் போனார்கள், அவன் கதவைத் திறக்கவில்லை. கிளினிக்குக்குப் போகும்படி ஷெரோன் கெஞ்சினாள், பாதர் சொன்னார், ஒன்றுக்கும் அசையவில்லை. கடைசியில் ஜெராட் ஒருநாள் விடிய அவன் வாசலில் போய் நின்று, "வெளிக்கிடு, பஸ் வரப்போகுது" என்று மட்டும் சொன்னான். என்ன நினைத்தானோ, பேர்னாட் சேட்டை மாட்டிக்கொண்டு வந்தான்.

கிளினிக் வாங்கில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். ஜெராட்டின் வலது கண்ணில் இன்னும் பஞ்சு ஒட்டியிருந்தது. பேர்னாட் அதைப் பார்க்கவேண்டும் என்றால் முகத்தை முழுக்கத் திருப்ப வேண்டும். திருப்பினான்.

"என்ட முழங்கை பட்டா போனது?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எப்படியும் ஒருநாள் போகிற கண்தானே என்று ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். ஜெராட் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

"ஓம்," என்றான். "உன்ட முழங்கை பட்டுத்தான்."

சரிந்த மூக்கின் வழியாகக் கண்ணீர் ஒழுக, பேர்னாட் முகத்தைப் பொத்திக்கொண்டான். உள்ளேயிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் எழும்பவில்லை. இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள். ஜெராட் அவனுடைய கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான்.

"எழும்பு மச்சான். எனக்கு ஒண்டுதான் மிச்சம். உனக்கு ரெண்டும் இன்னும் இரிக்கு. உள்ள போ."